புத்தகப் புழுவிடமிருந்து விடைபெற்றேன்

என் கணினியில் ஓடிக்கொண்டிருந்த டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12ஆம் பதிப்புக்கு 'புக்வோர்ம்' என்று பெயர். புத்தகப் புழு. நாள் முழுவதும் மெய்ப்புப் பார்க்கிற எனக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அதிலேயே இருந்தேன். நவம்பர் முதல் தேதி, சனிக்கிழமை, அதை 13ஆம் பதிப்பான 'டிரிக்சி'க்கு மாற்றினேன். இதற்கு முன் இரண்டு முறை பதிப்பு மாற்றியபோதும் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுத்தான். இப்போது அவன் புனேயில் வேலையில் இருக்கிறான். இந்த முறை நானே செய்தேன். அதில் ஓர் இடத்தில் தவித்துப்போனேன். அந்த இடத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

நான் லினக்ஸுக்கு வந்தது 2019 கடைசியில். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிகிறது என்று எங்கு பார்த்தாலும் செய்தி. புதுக் கணினி வாங்கும் நிலையில் நான் இல்லை. "சித்தி, இதே கணினி இன்னும் பத்து வருடம் ஓடும், என்னை நம்புங்கள்" என்று சொல்லி அவன் டெபியன் 10ஐ நிறுவினான். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 4 ஜிபி நினைவகம் உள்ள அதே பெட்டிதான், அதே மேசைதான். நடுவில் பழைய வன்தட்டை மட்டும் எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டோம்.

டிரிக்சி வெளியானது 2025 ஆகஸ்ட் 9ஆம் தேதி. உடனே மாற்றவில்லை. முதல் திருத்தப் பதிப்பான 13.1 செப்டம்பர் 6ஆம் தேதி வந்தது. அதன் பிறகும் காத்திருந்தேன். காரணம், கையில் ஒரு புத்தகம் இருந்தது. ஒரு புத்தகத்தின் முதல் மெய்ப்புக்கும் இறுதி மெய்ப்புக்கும் நடுவே இயங்குதளத்தை மாற்றவே கூடாது. ஆவணங்களைத் திறக்கும் லிப்ரே ஆபீஸ் மாறும், எழுத்துருத் தொகுப்புகள் மாறும். ஒரு வரி உடைகிற இடம் தள்ளிப்போனால் போதும், பத்தி நீளும், பக்கம் தள்ளும், பொருளடக்கத்தில் எண்கள் பொய்யாகும். எனவே தீபாவளிக்கு முன் அந்தப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு, அடுத்ததைத் தொடங்கும் முன் கிடைத்த ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்கினேன். கும்பகோணத்தில் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்பதையும் நாளிதழில் பார்த்து வைத்துக்கொண்டேன். யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் அது அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

அக்கா மகன் தொலைபேசியில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "வெளியீட்டுக் குறிப்பில் நான்காவது, ஐந்தாவது அத்தியாயங்களை முழுவதும் படியுங்கள் சித்தி. யாரோ எழுதி வைத்த குறுக்கு வழியைப் பார்த்துச் செய்யாதீர்கள்." நான்காவது அத்தியாயம் எப்படி மாற்றுவது என்பது. ஐந்தாவது என்னென்ன சிக்கல் வரலாம் என்பது. இரண்டையும் அச்செடுத்து, பென்சிலால் கோடிட்டுப் படித்தேன். படிப்பதுதானே என் தொழில். இந்த இயங்குதளத்தைச் சம்பளமில்லாமல் உருவாக்குகிறவர்கள் 1993 முதல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வேலையைக் கைமாற்றிக்கொண்டு வருகிறார்கள். எங்கெல்லாம் தடுக்கி விழ வாய்ப்புண்டு என்று அவர்களே உட்கார்ந்து எழுதித் தருகிறார்கள். அதைப் படிக்காமல் விடுவது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

படித்ததற்கு உடனே பலன் கிடைத்தது. டிரிக்சியில் தற்காலிகக் கோப்புறையான 'டெம்ப்' இனி வட்டில் இராது, நினைவகத்தில் இருக்கும், நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும் என்று ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு பத்தி இருந்தது. பலருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் நான் பழைய புத்தகங்களை வருடி (ஸ்கேன் செய்து) எடுக்கும்போது படங்களை அந்தக் கோப்புறையில்தான் கொட்டிவைப்பேன். அங்கிருந்து டெசராக்ட் என்ற நிரல் அவற்றைப் படித்து எழுத்தாக்கித் தரும். ஏ4 தாள் ஒன்றை 600 புள்ளி அடர்த்தியில், வண்ணத்தில், சுருக்காமல் வருடினால் ஏறத்தாழ 100 எம்பி வரும். என்னுடைய 4 ஜிபியில் பாதி 2 ஜிபி. இருபது பக்கத்தோடு இடம் தீர்ந்துவிடும். மின்சாரம் போனால் வருடியதெல்லாம் போகும். வருடியின் அமைப்பில் சேமிக்கும் இடத்தை, என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறைக்கு மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்தியைப் படித்திராவிட்டால் ஒரு பகல் முழுவதும் வீணாகியிருக்கும்.

காப்பு நகல் எடுத்தேன். ஹோம் கோப்புறை முழுவதையும் வெளி வன்தட்டில் எழுதினேன். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடு அதை அலமாரியில் வைத்தேன். பாதிதான் பத்திரம் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

டெபியனின் நிரல் களஞ்சியத்திலிருந்து வராமல் வெளியிலிருந்து வந்த நிரல்களை முதலில் நீக்கிவிடுவது நல்லது என்று குறிப்பில் இருந்தது. என்னிடம் அப்படி இருந்தது அச்சுப்பொறித் தயாரிப்பாளர் தந்த இயக்கி ஒன்றுதான். நீக்கினேன். களஞ்சியங்களின் முகவரிகள் உள்ள கோப்பில் 'புக்வோர்ம்' என்ற சொல் மூன்று வரிகளில் வந்தது. ஒரே கட்டளையில் மூன்றையும் மாற்றலாம். நான் ஒவ்வொன்றாகப் போய், அழித்து, 'டிரிக்சி' என்று தட்டெழுதி, கோப்பைச் சேமிக்கும் முன் இன்னொரு முறை எழுத்தெழுத்தாகப் படித்தேன். எல்லா இடத்திலும் மாற்று என்று ஒரே அடியாகச் சொல்வதில் எனக்குத் தொழில்முறையாகவே பயம் உண்டு. அப்படி ஒருமுறை செய்து, ஒரு நாவலில் பாத்திரத்தின் பெயர் இன்னொரு சொல்லின் நடுவிலும் புகுந்துகொண்டதைக் கடைசி மெய்ப்பில்தான் பிடித்தேன்.

பிறகு வரைகலைத் திரையிலிருந்து வெளியேறி, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை அழுத்தி, கருப்பு எழுத்துத் திரைக்குப் போனேன். மேசைத்தளத்தை இயக்கும் நிரல்களே மாறப்போகும்போது அதற்குள் உட்கார்ந்து வேலை செய்யாமல் இருப்பது நல்லது. அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது. என் கோப்புறைகளின் பெயர்களெல்லாம் வெறும் கட்டங்களாக வந்து நின்றன. மனசுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

முதலில் புதிய நிரல்கள் எதையும் சேர்க்காத சிறு மேம்படுத்தல், அதன் பிறகு முழு மேம்படுத்தல். இரண்டு கட்டமாகச் செய்யச் சொல்கிறார்கள். இரண்டாவது கட்டத்தில் 61 நிரல்கள் நீக்கப்படும் என்று ஒரு பட்டியல் வந்தது. அந்தப் பட்டியலை அவசரமில்லாமல் படிக்க வேண்டும். நமக்கு வேண்டிய ஏதாவது அதில் இருந்தால் அப்போதே நிறுத்திவிடலாம். லிப்ரே ஆபீஸ் இல்லை, டெசராக்ட் இல்லை, தமிழ் உள்ளீட்டு நிரல்கள் இல்லை. 'ஒய்' தட்டினேன்.

இறங்கவே ஐம்பது நிமிடம் ஆயிற்று. வெளியே மழை. நடுநடுவே நீலத் திரை வந்து கேள்வி கேட்டது. சேவைகளை என்னிடம் கேட்காமலே மறுதொடக்கம் செய்யலாமா என்றது, சரி என்றேன். அடுத்த கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கணினி தொடங்கும்போது வருகிற கிரப் பட்டியல் ஐந்து நொடிதான் நிற்கும். அதைப் பதினைந்தாக்கி வைத்திருந்தேன். அந்த அமைப்புக் கோப்பை நான் மாற்றியிருப்பதைக் கண்டுபிடித்து, "புதிய கோப்பைப் போடட்டுமா, உங்களுடையதையே வைத்துக்கொள்ளட்டுமா, இரண்டுக்கும் வேறுபாட்டைக் காட்டட்டுமா" என்று கேட்டது. வேறுபாட்டைக் காட்டச் சொன்னேன். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இட்ட வரிகள். மூலத்தையும் மெய்ப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. என்னுடையதையே வைத்துக்கொள் என்றேன். ஒரு சாதாரணப் பயனாளி எப்போதோ மாற்றி வைத்த ஓர் எண்ணுக்காக இவ்வளவு பெரிய வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறதே என்று நெகிழ்ந்தேன். என் கைபட்ட எதையும் இது கேட்காமல் தொடாது என்றும் எண்ணிக்கொண்டேன். அங்கேதான் தவறினேன்.

மாலை நான்கரைக்கு மறுதொடக்கம். கணினி எழுந்தது. எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் 4.20, இயங்குதளத்தின் கருவான கெர்னல் 6.12. மேசைத்தளத்தில் வைத்திருந்த படம்கூட அப்படியே இருந்தது. முதலில் செய்தது, வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து 'அம்மா' என்று தட்டியது. நான் தமிழ்99 விசைப்பலகை பயன்படுத்துகிறேன். அதில் 'ம' விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்து சேரும். வந்தது. அச்சுப்பொறியைத் தேடினேன். பழைய இயக்கி இல்லாமலே அது பட்டியலில் நின்றது, ஒரு பக்கம் அச்சிட்டும் தந்தது. அக்கா மகனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை புதுப் புத்தகத்தை எடுத்தேன். புதுப் புத்தகம் என்றாலும் பழைய நூலின் மறுபதிப்பு. 1912இல் அச்சானது. முகப்புப் பக்கத்தில் 'பரிதாபி௵' என்று இருக்கும். '௵' என்பது வருடத்துக்கான குறி. இதுபோல் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. பக்க எண்கள் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களில். இவையெல்லாம் ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்கின்றன; இந்தக் குறிகள் 2003இல் 4.0 பதிப்பில் சேர்ந்தன. ஆனால் இவற்றைத் தட்டெழுதுவதற்கு என் விரலுக்கு இணக்கமான வழி வேண்டியிருந்தது. ஆகவே 2023 டிசம்பரில், அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, இருவரும் சேர்ந்து தமிழ்99க்கான விசை அமைப்புக் கோப்பிலேயே 21 வரிகளைச் சேர்த்தோம். எண் ஒன்றுக்கு இடப்பக்கம் இருக்கும் விசையைத் தட்டிவிட்டு 'வ' தட்டினால் ௵. 'ம' தட்டினால் ௴. 'ந' தட்டினால் ௳. எண்ணைத் தட்டினால் தமிழ் எண். இரண்டு ஆண்டுகளில் அது விரலில் ஊறிவிட்டது.

'பரிதாபி' வரை தட்டினேன். பிறகு அந்த மூலை விசை, 'வ'. திரையில் ஒரு சாய்ந்த மேற்கோள் குறியும், பக்கத்தில் ஒரு வெறும் 'வ'வும் நின்றன.

மூன்று முறை தட்டிப் பார்த்தேன். வயிற்றைப் பிசைந்தது. கோப்பைத் தேடிப் போனேன். அது 'யூஎஸ்ஆர்' அடைவுக்குள், விசை அமைப்புகளுக்கான எம்17என் என்ற கோப்புறையில் இருக்கிறது. திறந்தேன். கோப்பு இருந்தது, எங்கள் 21 வரிகள் இல்லை. புதிதாக வாங்கிய நோட்டுப் புத்தகம்போலச் சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. அமைப்புகளுக்கென்று இருக்கும் 'ஈடிசி' அடைவில் நாம் எதையாவது மாற்றியிருந்தால் டெபியன் கேட்கும்; கிரப்புக்குக் கேட்டதைப்போல. 'யூஎஸ்ஆர்' அடைவு அப்படிப்பட்டதல்ல. அங்கே இருப்பதெல்லாம் நிரல் தொகுப்புகளுக்குச் சொந்தம். தொகுப்பு மாறினால் கோப்பும் மாறும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாடகை வீட்டுச் சுவரில் கோலம் வரைந்துவிட்டு, வீட்டுக்காரர் வெள்ளையடித்தபின் தேடுவது எப்படியோ அப்படித்தான். காப்பு நகலிலும் அது இல்லை. நான் எடுத்தது ஹோம் கோப்புறையை மட்டும்தானே.

புனேக்குத் தொலைபேசி போட்டேன். "ஐயோ சித்தி, அது என் தவறு. அன்றைக்கே உங்கள் ஹோம் கோப்புறையில் போட்டிருக்க வேண்டும். அவசரத்தில் அங்கேயே திருத்திவிட்டேன்" என்றான். "உன் தவறு என்ன இருக்கிறது, நானும்தானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்" என்றேன். அவனிடமும் நகல் இல்லை. அவனுடைய பழைய மடிக்கணினி கைமாறி ஒரு வருடம் ஆகிவிட்டது.

ஆனால் என்னிடம் ஒரு நாட்குறிப்பு இருந்தது. மெய்ப்பு பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். எந்தப் பதிப்பகத்துக்குச் சந்தி எப்படி, எந்த எழுத்தாளர் எந்தச் சொல்லை எப்படி எழுதுவார் என்று குறித்துக்கொள்ள. என் 2023ஆம் ஆண்டு நாட்குறிப்பின் கடைசித் தாளில், புது விசைகள் பழகும்வரை பார்த்துத் தட்டுவதற்காக, 21 குறிகளையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். இடப்பக்கம் தட்ட வேண்டிய விசை, வலப்பக்கம் வர வேண்டிய குறி. ௶ பற்று, ௷ வரவு என்று பொருளும்கூட. அந்தத் தாளைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

இந்த முறை சரியான இடத்தில் வைக்க வேண்டும் என்று அக்கா மகன் சொல்லச் சொல்லச் செய்தேன். சுத்தமான அந்தக் கோப்பை ஹோம் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயர்கொண்ட எம்17என் கோப்புறைக்கு நகலெடுத்தேன். முதல் வரிகளில் இருக்கும் 'தமிழ்99' என்ற பெயருக்குப் பின் ஓர் எழுத்தைச் சேர்த்து வேறு பெயராக்கினேன். மூலமும் என் நகலும் குழம்பாமல் இருக்க. பிறகு 21 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் ஒரே வடிவம்தான். திறக்கும் அடைப்புக்குறி, மேற்கோளுக்குள் தட்டும் விசைகள், இன்னொரு மேற்கோளுக்குள் வர வேண்டிய குறி, மூடும் அடைப்புக்குறி.

எழுதி முடித்து, வெளியேறி, மறுபடி உள்ளே வந்தேன். உள்ளீட்டு முறைகளின் பட்டியலில் என் புதுப் பெயரையே காணவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. அக்கா மகன் எதிர்முனையில் பல காரணங்களை யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அந்த 21 வரிகளையும் பெரிய எழுத்தில் அச்செடுத்தேன். அளவுகோலை ஒரு வரிக்குக் கீழே வைத்து, மற்ற வரிகள் கண்ணில் படாமல், ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். திரையில் பிடிபடாத பிழை தாளில் பிடிபடும். ஒன்பதாவது வரியில், ௮ என்ற குறிக்குப் பின் மூடும் மேற்கோள் இல்லை. அந்த ஒரு குறி இல்லாததால் கோப்பு முழுவதும் படிக்கப்படாமல் நின்றிருக்கிறது. சிவப்பு மையால் சுழித்துவிட்டுத்தான் திரையில் திருத்தினேன்.

பரிதாபி௵ ஆவணி௴ ௧௨௳. வந்தது. இன்னொரு முறை தட்டினேன். மறுபடி வந்தது. எதிர்முனையில் அவன், "என்ன சித்தி, சத்தத்தையே காணோம்" என்றான்.

மற்றவற்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை. லிப்ரே ஆபீஸ் 7.4இலிருந்து 25.2க்குத் தாவியிருக்கிறது. நடுவே அவ்வளவு பதிப்புகள் ஒன்றும் இல்லை. 2024 முதல் எண் போடும் முறையை ஆண்டு, மாதக் கணக்கில் மாற்றிவிட்டார்கள். ஏற்கெனவே அச்சாகி வந்த ஒரு புத்தகத்தின் கோப்பைச் சோதனைக்காகத் திறந்தேன். 256 பக்கம் 257 ஆகியிருந்தது. காத்திருந்தது வீண் போகவில்லை. படங்களைத் திருத்தும் கிம்ப் 3.0க்கு வந்துவிட்டது. நான் அதில் வருடிய பக்கங்களின் கறையை நீக்குவதோடு சரி, அந்த அளவுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நிரல் நிறுவும் ஆப்ட் கட்டளையும் 3.0 ஆகியிருக்கிறது. நீக்கப்போகிறவற்றைச் சிவப்பிலும், சேர்க்கப்போகிறவற்றைப் பச்சையிலும், பத்தி பிரித்துக் காட்டுகிறது. அன்றைக்கு 61 பெயர்களையும் கருப்பு வெள்ளையில் விரல் வைத்துப் படித்த எனக்கு இது பெரிய உபகாரம்.

வீட்டில் இன்னொரு கணினியும் உண்டு. 2009இல் வாங்கிய சின்ன மடிக்கணினி, 32 பிட் என்ற பழைய வகை. என் மாமியார் அதில்தான் தேவாரப் பதிவுகளைக் கேட்கிறார். டிரிக்சியில் 32 பிட் பிசிக்களுக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை; அவற்றை மேம்படுத்த வேண்டாம் என்று குறிப்பிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே அதில் புக்வோர்மே தொடர்கிறது. நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

விசைக் கோப்பை இப்போது மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். ஹோம் கோப்புறையில், வெளி வன்தட்டில், அக்கா மகனின் கணினியில். 2025ஆம் ஆண்டு நாட்குறிப்பின் கடைசித் தாளிலும் அந்த 21 குறிகளை எழுதிவிட்டேன். இம்முறை பேனாவால். மறுபதிப்பின் முதல் மெய்ப்பில் நாற்பத்தாறாம் பக்கத்தில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும்.